சேலத்துக் கிணறும் அந்தமான் பவளப்பாறையும்

ஒரு டைவ் என்பது ஏறத்தாழ முக்கால் மணி நேரம். முதுகில் கட்டிய சிலிண்டரின் காற்று அவ்வளவுதான் வரும். ஆழம் கூடினால் அதுவும் குறையும். காலையில் படகேறினால் இரண்டு டைவ். விமானக் கட்டணம், படகுக் கட்டணம், அறை வாடகை எல்லாம் கொடுத்து, ஒரு நாளைச் செலவழித்து, கேமராவோடு தண்ணீருக்கடியில் இருக்கக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்திலும் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தடவிக்கொண்டிருக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கரையில் கற்றுக்கொள்ளக்கூடிய எதையும் கடலுக்கென்று மிச்சம் வைக்கக் கூடாது என்பது என் கட்சி. கடல் மட்டுமே கற்றுத்தரும் சங்கதிகள் சில இருக்கின்றன. கிடைக்கிற நேரம் அவற்றுக்கே போதாது. மிச்சமெல்லாம் வீட்டிலிருந்தே பழகிவிட்டுப் போகலாம். வீடு சேலத்தில் இருந்தாலும் கூடத்தான்.

செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிற கொலுசுப் பட்டறைகளுக்கு மாதிரிப் படங்கள் எடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. வெள்ளியைப் படம் எடுப்பது லேசான வேலை இல்லை. அதற்கென்று சொந்த நிறம் கிடையாது. எதிரில் என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும். நேருக்கு நேர் ஃபிளாஷ் அடித்தால் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டும் சுற்றிலும் கறுப்பும் கிடைக்கும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் கொண்டுபோய், வெள்ளைத் துணி வழியாகக் கசியவிட்டு, அரும்பு அரும்பாக எழுப்ப வேண்டும். பாரை, சீலா போன்ற மீன்களும் இதே சிக்கலைத்தான் கொடுக்கின்றன. அவற்றின் தோலில் குவானின் என்ற பொருள் மெல்லிய படிகங்களாக அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. விழுகிற ஒளியை அப்படியே திருப்பி அனுப்பிவிடும். நீருக்கடியில் நான் ஒழுங்காக எடுத்த முதல் படங்கள் வெள்ளி மீன்களின் படங்கள் என்பதில் எனக்கு வியப்பில்லை. அந்த வேலையைப் பட்டறை மேசையில் வருடக்கணக்காகச் செய்து பழகிவிட்டேன்.

கேமரா, ஒலிம்பஸ் டிஜி-6. கையடக்கமானது. உறை எதுவும் இல்லாமலே 15 மீட்டர் ஆழம் வரை தாங்கும். அதற்கென்று செய்த ஹவுசிங் என்ற நீர் புகாத கெட்டி உறையில் போட்டால் 45 மீட்டர் வரை போகலாம். ஒரு சென்டிமீட்டர் தொலைவில் இருப்பதையும் குவியப்படுத்தும், கேமரா திருத்தாத மூலப் பதிவான ரா கோப்பாகவும் பதிவு செய்யும். இதைவிடப் பெரிய கேமராக்களைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களைப் படகில் பார்த்திருக்கிறேன். அவர்களில் பாதிப் பேருக்குக் கேமராவைச் சுமப்பதே வேலையாக இருந்தது.

பழகிய இடம் அயோத்தியாப்பட்டணத்துக்கு அப்பால் இருக்கிற சித்தப்பாவின் தோட்டத்துக் கிணறு. பாறையை வெட்டி இறக்கிய சதுரக் கிணறு, ஒரு பக்கம் படிக்கட்டு. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருடம் என்றால் மார்கழி, தை மாதங்களில் மேல்படிகள் வரை தண்ணீர் நிற்கும். உள்ளே ஜிலேபிக் கெண்டைகள் உண்டு. எப்போதாவது ஒரு தண்ணீர்ப் பாம்பு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முதன்முதலாக இறங்கியபோது சித்தப்பா, "மீன் பிடிக்கவா கண்ணு, படம் பிடிக்கவா?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அவருடைய மகன்தான் படியில் கயிறும் லாரி டியூபுமாக உட்கார்ந்திருப்பான்.

இறங்குவதற்கு முன் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். ஸ்டார்ட்டரை அணைத்தால் மட்டும் போதாது. ஃபியூஸ் கட்டையைக் கழற்றித் தம்பியின் சட்டைப் பையில் போட்ட பிறகுதான் தண்ணீரில் கால் வைப்பேன். நீர்மூழ்கி மோட்டார் ஓடும் கிணற்றில் மின்கசிவு என்பது கதையல்ல. தனியாக இறங்குவது கிடையாது. கிணற்றுக்குள் சிலிண்டரும் கிடையாது. முகக்கண்ணாடி, ஸ்னார்க்கல், ஒரு மூச்சு, இரண்டு மூன்று மீட்டர் ஆழம், அவ்வளவுதான். முங்குவதற்கு முன் வேக வேகமாக மூச்சு வாங்கினால் அதிக நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று ஊரில் பையன்கள் சொல்வார்கள். அது ஆளைக் கொல்லும் யோசனை. வேகமாக மூச்சு விடும்போது உடம்பிலிருந்து கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. மூச்சு முட்டுகிறது என்று எச்சரிப்பதே அந்த வாயுதான். எச்சரிக்கை வருவதற்கு முன்பே பிராணவாயு தீர்ந்து, தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பிவிடும்.

முதல் வேலை ஹவுசிங்கைச் சோதிப்பது. கேமராவை வெளியே வைத்துவிட்டு, காலி ஹவுசிங்கினுள் மெல்லிய காகிதக் கைக்குட்டை ஒன்றை மடித்துப் போட்டு மூடி, கல்லைக் கட்டிக் கிணற்றின் அடி வரைக்கும் இறக்கி வைப்போம். அரை மணி நேரம் கழித்துத் தூக்கும்போது காகிதம் மொரமொரப்பாக இருந்தால் சரி. தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் ஒன்றுதான். அதன் மேல் ஒரு தலைமுடியோ மணல் துகளோ துணி நூலோ கிடந்தால் கடல் உள்ளே வர அது போதும். பட்டறையில் கொலுசின் பற்றுப் போட்ட இடங்களைப் பார்க்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியால் வளையத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பது என் வழக்கம். பிறகு சிலிக்கோன் கிரீஸை விரலால் மெல்லிசாக, பளபளப்பு தெரிகிற அளவுக்கு மட்டும் தடவ வேண்டும். அப்பிவிட்டால் அதுவே தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அடுத்தது பொத்தான்கள். அயோத்தியாப்பட்டணம் போகும் டவுன் பஸ்ஸில் ஹவுசிங்கை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே மிகக் கிட்டத்தில் எடுக்கும் மேக்ரோவிலிருந்து சாதாரண நிலைக்கும், ஃபிளாஷ் இருக்கும் நிலையிலிருந்து இல்லாத நிலைக்கும், வெள்ளை வெள்ளையாகவே விழும்படி நிறத்தைச் சரிக்கட்டும் வைட் பேலன்ஸுக்கும் விரலாலேயே போய்த் திரும்பப் பழகினேன். பக்கத்து இருக்கைக்காரர்கள் ஏதோ வைத்தியக் கருவி என்று நினைத்திருப்பார்கள். கடலில் ஒரு கணவாய் மீன் நிறம் மாற்றிக்கொண்டு நிற்கிற நேரத்தில் கண் அதன் மேல் இருக்க வேண்டும். திரையின் மெனுவில் இருக்கக் கூடாது.

கிணற்றில் மாடலாக இருந்தது ஒரு கொலுசு. வாடிக்கையாளர் வேண்டாம் என்று தள்ளிய, முத்து கழன்ற கொலுசு. நைலான் நூலில் கட்டித் தொங்கவிட்டால் தண்ணீரின் அசைவுக்கு மெதுவாகத் திரும்பிக்கொண்டே இருக்கும். முகக்கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது அது இருக்கும் இடத்தைவிடக் கால் பங்கு கிட்டத்தில் தெரியும். பிடிக்கப் போனால் கை முன்னதாகவே மூடிக்கொள்ளும். நீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்று பள்ளியில் எழுதியது இதைத்தான். தட்டையான கண்ணாடி முகப்புள்ள ஹவுசிங்கில் இதன் விளைவாக லென்ஸின் பார்வைக் கோணமும் குறுகிவிடுகிறது. தரையில் ஒரு அறையை முழுசாக வாங்கும் லென்ஸ் தண்ணீருக்குள் பாதி அறையைத்தான் வாங்கும். எனவே பெரிய காட்சிகளில் ஆசை வைக்காமல் கிட்டே போய்ச் சின்னதை எடு என்று கேமராவே வழி சொல்லிவிடுகிறது.

கிட்டே போவதற்கு அதைவிட வலுவான காரணம் கிணற்றின் பச்சைத் தண்ணீரில் இருந்தது. பாசித் துகள்கள் மிதக்கும் தண்ணீரில் ஃபிளாஷ் போட்டால் கொலுசுக்கு முன்னால் மார்கழிப் பனி கொட்டியதுபோல வெள்ளைப் புள்ளிகள். லென்ஸுக்கும் பொருளுக்கும் நடுவில் இருக்கும் ஒவ்வொரு துகளும் வெளிச்சத்தை நம் பக்கமே திருப்பி அனுப்பியதால் வந்த வினை. நடுவில் இருக்கும் தண்ணீர் குறையக் குறையத் துகளும் குறையும். கடலில் எவ்வளவு தெளிந்த நீரிலும் இது இருக்கிறது. நல்ல தண்ணீர் என்றால் நம்மை ஏமாற்றும் அளவுக்குக் குறைவாக இருக்கும். அந்த வகையில் கிணறு ஒளிவு மறைவு இல்லாத வாத்தியார்.

இதற்கு மாற்று, ஃபிளாஷை லென்ஸிலிருந்து பக்கவாட்டில் விலக்கி வைப்பது. எவ்வளவு விலக்குவது, எந்தக் கோணத்தில் திருப்புவது என்பதைக் கிணற்றுக்குள் ஒரு மூச்சு இருக்கும் நேரத்தில் நிதானமாகப் பார்க்க முடியவில்லை. அதற்கு ஏற்காடு கைகொடுத்தது. சேலத்திலிருந்து மலையேறுகிற பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மழைக்காலத்து மாலையில் மேல் வளைவுகளில் மேகம் இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அப்போது ஹெட்லைட்டை உயர்த்திப் போடுகிறவன் தன் முன்னாலேயே ஒரு வெள்ளைச் சுவரைக் கட்டிக்கொள்கிறான் என்பது அங்கே வண்டி ஓட்டிய எல்லாருக்கும் தெரியும். துகள் நிறைந்த தண்ணீரில் லென்ஸுக்குப் பக்கத்திலேயே ஃபிளாஷ் போடுவதும் இதுதான்.

லேடீஸ் சீட் பக்கம், மூடுபனிக்குள், காப்பிச் செடி ஒன்றின் முன்னால் முக்காலியை நிறுத்தி ஒரு மாலை முழுவதும் இதையே செய்தேன். ஃபிளாஷ் கேமராவின் மேல் இருந்தபோது செடியே தெரியாமல் வெள்ளை வட்டங்கள் மட்டும். ஒரு முழம் இடப்பக்கம் நகர்த்தியதும் வட்டங்கள் படத்தின் இடது ஓரத்துக்கு ஒதுங்கின. நகர்த்திய இடத்திலேயே லென்ஸின் முகப்பைவிடச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, முகத்தைச் செடியை விட்டு வெளிப்பக்கமாகத் திருப்பினேன். ஒளிக்கற்றையின் உள் ஓரம் மட்டும் இலையைத் தொட்டது. இலையின் நரம்பும் அதன் மேல் கோத்திருந்த நீர்த்துளியும் தெளிவாக வந்தன. இலைக்கும் லென்ஸுக்கும் நடுவில் இருந்த பனி இருட்டிலேயே தங்கிவிட்டது. நேராகப் பொருளைப் பார்க்கும் ஃபிளாஷ் நல்ல ஃபிளாஷ் என்ற எண்ணத்தை அன்றே தலை முழுகினேன். அந்தப் பக்கம் டீ குடிக்க வந்த வண்டி ஓட்டுநர் ஒருவர், இத்தனை இடம் இருக்கும்போது இருட்டில் ஒரு செடியை ஏன் சார் இத்தனை தடவை எடுக்கிறீர்கள் என்று கேட்டார். அந்தமானுக்காக என்று பதில் சொன்னேன். அதற்கு மேல் அவர் பேச்சை வளர்க்கவில்லை.

ஃபிளாஷைப் பற்றிப் பேசும்போது சேலத்துக்காரன் சொல்லாமல் விட முடியாத ஒரு சங்கதி. நீருக்கடியில் எடுத்த முதல் இயற்கை வண்ணப் படம் 1926-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா தென்முனையில் இருக்கும் டிரை டார்ட்டூகாஸ் தீவுகளின் அருகே எடுக்கப்பட்டது. எடுத்தவர்கள் டபிள்யூ. எச். லாங்லி என்ற அறிவியலாளரும் சார்லஸ் மார்ட்டின் என்ற புகைப்படக்காரரும். படத்தில் இருந்தது ஒரு மீன். அன்றைய வண்ணத் தகடுகளுக்கு எக்கச்சக்கமான வெளிச்சம் தேவைப்பட்டதால், மேலே மிதவையில் மெக்னீசியத் தூளைக் குவித்து வெடிக்கவைத்து அந்த ஒளியில் எடுத்தார்கள். 1927 ஜனவரி நேஷனல் ஜியாகிரஃபிக் இதழில் படங்கள் வெளியாயின. மெக்னீசியத்தின் தாதுக்களில் ஒன்றான மேக்னசைட்டை எங்கள் ஊரில் வெட்டி வெள்ளை மலையாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். அதன் பெயரிலேயே மேக்னசைட் ஜங்ஷன் என்று ஒரு ரயில் நிலையமும் இருக்கிறது. எங்கள் கல் போவதெல்லாம் பெரும்பாலும் உலைச் செங்கலுக்குத்தான். இருந்தாலும் ரயில் அந்த வழியாகப் போகும்போது எனக்கு அந்த மீன் நினைவுக்கு வரும்.

கிணறு கொடுத்த இன்னொன்று, மேல்நோக்கிப் பார்க்கும் பழக்கம். தண்ணீருக்குள்ளிருந்து அண்ணாந்து பார்த்தால் வெளியுலகம் முழுவதும் ஒரு வட்டத்துக்குள் அடங்கித் தெரியும். ஸ்நெல் சாளரம் என்று அதற்குப் பெயர். கிட்டத்தட்ட 97 பாகை அகலமுள்ள கூம்பு. இரண்டு மீட்டர் ஆழத்திலிருந்து பார்த்தால் தலைக்கு மேல் நாலரை மீட்டர் அகலத்துக்கு வட்டம். அதன் விளிம்பைச் சுற்றிக் கிணற்றுச் சுவர் வளைந்து நிற்கும்; அதற்கும் உள்ளே தென்னை ஓலைகள், ஓர் ஓரத்தில் கயிற்றுச் சுருளோடு தம்பியின் தலை, நடுவில் வானம். வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடியாகிக் கிணற்றின் இருட்டையே திருப்பிக் காட்டும். ஒரு கெண்டை வட்டத்தைக் கடக்கும்போது கரிய நிழலுருவமாகக் கடக்கும். அதைப் பிடிக்க கேமரா வாங்கும் ஒளியின் அளவை, அதாவது எக்ஸ்போஷரை, ஒரு படியோ இரண்டு படியோ குறைத்தாக வேண்டும். இல்லையென்றால் வானம் வெளுத்துப்போய் வட்டமே காணாமல் போகும். கடலில் மேலிருந்து கீழ்நோக்கி எடுக்கும் படங்கள் ஏன் சப்பென்று இருக்கின்றன என்பது எனக்குக் கிணற்றிலேயே விளங்கிவிட்டது. மீனின் முதுகும் அதன் பின்னணியில் இருக்கும் பாறையும் ஒரே நிறத்தில் இருக்கும். மேலிருந்து தேடும் பறவையின் கண்ணிலிருந்து தப்புவதற்குத்தானே மீன்களுக்கு அந்த முதுகு. மீனுக்குச் சமமாகவோ அதற்குக் கீழாகவோ இறங்கினால்தான் அது பின்னணியிலிருந்து பிரிந்து நிற்கும்.

இனி கடல்.

சென்னை வரை ரயில், அங்கிருந்து ஸ்ரீவிஜயபுரம் என்று இப்போது பெயர் மாறிவிட்ட போர்ட் பிளேருக்கு விமானம், அங்கிருந்து ஹேவ்லாக்குக்குக் கப்பல். ஹேவ்லாக்குக்கும் 2018 முதல் ஸ்வராஜ் தீவு என்று பெயர். போகும் வழியெல்லாம் தமிழ் கேட்டுக்கொண்டே இருக்கும். டைவ் வழிகாட்டியாக வாய்த்த இளைஞரும் தமிழர்தான். குடும்பம் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் வந்து குடியேறியது. நான் தம்பி என்றேன், அவர் அண்ணா என்றார். என் ஹவுசிங்கைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, நன்றாக வைத்திருக்கிறீர்கள் அண்ணா என்று சொல்லி, படகிலேயே ஈரத்துணியைப் போட்டு மூடி வைத்துவிட்டார். முதல் டைவில் கேமரா கிடையாதாம்.

அவர் செய்தது முழுக்கச் சரி. கிணற்றில் பழக முடியாதது மிதப்புச் சமநிலை. இடுப்பில் ஈய எடை, உடம்போடு காற்றுச் சட்டை, இவற்றோடு நம் நுரையீரலும் சேர்ந்த கணக்கு அது. எல்லாம் பொருந்தி வந்தால் மூச்சை இழுக்கும்போது ஒரு சாண் உயர்ந்து, விடும்போது ஒரு சாண் தாழ்ந்து, கையையும் காலையும் ஆட்டாமல் ஒரே இடத்தில் நிற்கலாம். அன்று முழுவதும் மணல்வெளிக்கு ஒரு முழம் மேலே என்னைக் கிடைமட்டமாகத் தொங்கவிட்டு, முழங்கால் தாழும்போதெல்லாம் என் துடுப்பைத் தட்டிக்கொண்டே இருந்தார். தவளை போலக் கால்களைப் பக்கவாட்டில் விரித்து உதைத்தால் அடியிலிருக்கும் மணல் கிளம்பாது. மேலும் கீழும் உதைத்தால் பின்னால் வருகிறவருக்குப் பார்வையே இருக்காது. நம் படத்துக்கும் அதோடு முடிவு.

சைகைகளில் ஒன்று மட்டும் நம் ஊர்க் கைக்குப் பழக நேரம் பிடிக்கும். கட்டைவிரலை உயர்த்தினால் பிரமாதம் என்று பொருளல்ல, மேலே போகலாம் என்று பொருள். அழகான மீனைக் காட்டியவருக்கு அப்படிப் பாராட்டுத் தெரிவித்தால் அவர் டைவையே முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

மூச்சைப் பற்றி ஒரு வார்த்தை. நிலத்தில் ஷட்டரை அழுத்தும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வது படக்காரர்களின் கைப்பழக்கம். சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும்போது அது கூடவே கூடாது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே நுரையீரல் நிறைய இழுத்த காற்று மேற்பரப்புக்கு வருவதற்குள் இரண்டு பங்காக விரியும். மூச்சைப் பிடித்தபடி சில மீட்டர் எழும்பினாலே நுரையீரல் கிழியலாம். கிணற்றில் ஒரு மூச்சில் முங்குகிறவன் மேலே இழுத்த காற்றைத்தான் உள்ளே கொண்டுபோகிறான் என்பதால் அவனுக்கு இந்த ஆபத்து இல்லை. ஆகவே கிணற்றுக்காரன் கடலுக்கு வந்தால் முதலில் மறக்க வேண்டியது அந்தப் பழக்கத்தைத்தான். மெதுவாக விட்டுக்கொண்டே அழுத்த வேண்டும்.

நிறம் என்பதைப் பற்றியும் கிணறு பாதிதான் சொல்லியிருந்தது. பாசி நிறைந்த தண்ணீர் சிவப்பையும் நீலத்தையும் விழுங்கிவிட்டுப் பச்சையை விடும். கடல் சிவப்பை முதலில் விழுங்கும், பிறகு ஆரஞ்சு, பிறகு மஞ்சள். நீலம்தான் நெடுந்தூரம் போகும். கோவிலில் கட்டிய சிவப்புக் கயிறு ஒன்று என் மணிக்கட்டில் இருந்தது. ஐந்து மீட்டரில் அது காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்துவிட்டது. பன்னிரண்டு மீட்டரில் பழைய இரும்புக் கம்பி. வழிகாட்டித் தம்பி டார்ச்சை அதன் மேல் அடித்தார். குங்குமச் சிவப்பு அப்படியே எழுந்து வந்தது. டார்ச்சை எடுத்ததும் மறுபடி இரும்பு. நிறம் எங்கேயும் போய்விடவில்லை, அதைக் காட்டும் வெளிச்சம்தான் வழியிலேயே தீர்ந்துவிட்டது.

கணக்கு எளிது. சூரிய ஒளியில் எடுத்தால் மேற்பரப்பிலிருந்து பொருள் வரைக்கும், பொருளிலிருந்து லென்ஸ் வரைக்கும் இருக்கும் தண்ணீரையெல்லாம் கூட்டிக்கொள்ள வேண்டும். ஃபிளாஷில் எடுத்தால் போய்வரும் தூரம் மட்டும். ஒரு மீட்டர் தள்ளியிருந்தால் இரண்டு மீட்டர் தண்ணீர். ஒரு சாண் தொலைவுக்கு நெருங்கிவிட்டால் ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று மீட்டருக்கு அப்பால் போகும் ஆமையை நோக்கி ஃபிளாஷ் அடிப்பது வெறும் தண்ணீரைப் படம் எடுப்பது. அதற்கு ஃபிளாஷை அணைத்துவிட்டு, அந்த ஆழத்திலேயே வெள்ளைப் பலகையையோ வெண்மணலையோ காட்டி வைட் பேலன்ஸ் வைத்துக்கொண்டு எடுக்கலாம். நாலைந்து மீட்டர் ஏறி இறங்கினால் மறுபடியும் வைக்க வேண்டும். சிவப்பு ஃபில்டர் மாட்டினால் சிவப்பு வந்துவிடும் என்று கடைக்காரர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். அது இல்லாத சிவப்பைக் கொண்டுவராது. நீலத்தையும் பச்சையையும் தடுத்து நிறுத்தும், அவ்வளவுதான். சிவப்பு கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும் ஆழங்களில் பயன்படும். ஃபிளாஷோடு சேர்த்துப் போட்டால் எல்லாம் செக்கச்செவேல்.

கோமாளி மீனை எல்லாரும் எடுக்கிறார்கள், நானும் எடுத்தேன். அது கடல் சாமந்தியின் விரல்களுக்குள் ஒரே பாதையில் திரும்பத் திரும்பச் சுற்றும். துரத்தாமல் அதன் வழியில் ஓரிடத்தில் குவியத்தை வைத்துக் காத்திருந்தால் தானாக வந்து நிற்கும். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

என்னைக் கட்டிப்போட்டது, பாறையை விட்டுத் தள்ளி, சுற்றுலாக்காரர்கள் எட்டிப் பார்க்காமல் கடந்துபோகும் மணல்வெளியில் ஒரு பொந்து. வாசலில் விரல் நீளத்துக்கு ஓர் உளுவை மீன். உள்ளே ஓர் இறால். கொடுக்கைச் சொடுக்கி ஓசை எழுப்புமே அந்த வகை. இறாலுக்குக் கண் மங்கல். பொந்தைத் தோண்டிப் பராமரிப்பது அதன் பொறுப்பு. காவல் உளுவையின் பொறுப்பு. மணலையும் கிளிஞ்சல் துண்டுகளையும் இரண்டு கொடுக்கிலும் அள்ளிக்கொண்டு இறால் வெளியே வரும். வரும்போது தன் உணர்கொம்பில் ஒன்று உளுவையின் வாலைத் தொட்டபடியே இருக்கும். உளுவை வாலை ஒரு துடி துடித்தால் இறால் அடுத்த கணம் உள்ளே போய்விடும். இன்னும் நெருங்கினால் உளுவையும் போய்விடும்.

நான் நெருங்கியதும் இரண்டும் போய்விட்டன. தம்பி கையை மடக்கிக் காட்டினார்: இரு. மணலில் திருக்கை கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு முழங்கையை மட்டும் வெறும் மணலில் ஊன்றி அசையாமல் கிடந்தேன். குமிழிகளை ஒரே மூச்சாக விடாமல் நூல் நூலாக விட்டேன். முதலில் பொந்து இருட்டுக்குள் இரண்டு கண்கள். பிறகு தலை. பிறகு உளுவை முழுவதுமாக வெளியே வந்து வாலைப் பொந்தின் பக்கமாக வைத்துக்கொண்டது. அதன் பின்னால் ஒரு சிட்டிகை மணல் தானாக நகர்ந்து வந்தது. மணலுக்குப் பின்னால் கொடுக்கு. ஒரு சாண் முன்னேறினேன், நின்றேன். மறுபடி ஒரு சாண். ஃபிளாஷைப் பக்கவாட்டில் ஏற்காட்டில் வைத்த அதே கோணத்தில் திருப்பியிருந்தேன். குவியம் உளுவையின் கண்ணில். கண் தெளிவாக இல்லாத மீன் படம் எதுவும் படமே இல்லை என்பது என் கொள்கை; வால் மங்கினால் யாரும் கேட்க மாட்டார்கள். கொம்பு வாலைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து அழுத்தினேன். அந்த டைவில் மிச்சமிருந்த காற்றையெல்லாம் அந்தப் பொந்துக்கே கொடுத்துவிட்டேன். மற்றவர்கள் மேலே வந்ததும் ஆமை பார்த்தோம், பாரைக் கூட்டம் பார்த்தோம் என்றார்கள்.

பவளப்பாறையின் மேல் இப்படி முழங்கை ஊன்ற முடியாது, ஊன்றவும் கூடாது. பாறை என்று சொல்கிறோமே தவிர அது முழுவதும் உயிர். உருண்டை வடிவப் பவளங்களில் பல வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு துடுப்பு உதையில் போவது பல வருட வளர்ச்சி. நம் மன்னார் வளைகுடாவிலேயே சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டிய காலம் உண்டு. அங்கிருக்கும் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீருக்குள் போனதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். போதாததற்குக் கடல் சூடாகிறது. சூடு தாங்காத பவளம் நிறமிழந்து வெளுத்துவிடும். 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது பவள வெளுப்பு அறிவிக்கப்பட்டது. வெளுத்த பவளம் படத்தில் தந்தம் போல் மிக அழகாக விழும் என்பதுதான் கொடுமை. அப்படி எடுத்தால் நாளும் ஆழமும் இடமும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. ஆராய்கிறவர்களுக்கு அழகைவிட அது பயன்படும். ஆமையை வழிமறிப்பது, ஒளிந்திருப்பதைக் குச்சியால் வெளியே கிளப்புவது ஆகியவற்றைச் செய்து எடுத்த படங்களை நான் பார்க்க மறுத்துவிடுவேன், எடுத்தவர் நண்பராகவே இருந்தாலும்.

கடைசி டைவுக்குப் பிறகு விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். பல நாள் டைவ் செய்தவர்களின் உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேற வேண்டும். அதற்கு முன் அழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால் அது குமிழியாகிவிடும். அந்த நேரத்தைப் படம் பிரிப்பதற்கு வைத்துக்கொள்வேன். ஹவுசிங்கை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, ஒவ்வொரு பொத்தானையும் தண்ணீருக்குள்ளேயே அழுத்தி அழுத்தி உப்பைக் கழுவிவிட்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் மாலைக்குள் பெரும்பாலான படங்கள் குப்பைக்குப் போய்விடும். கண் மங்கலா, போ. வால் மட்டுமா, போ. மேலிருந்து எடுத்ததா, யோசிக்காமல் போ.

நிறம் திருத்துவதில் எனக்கும் அஸ்தம்பட்டியில் கல்யாண ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பருக்கும் ஓயாத சண்டை. ரா கோப்பில் சிவப்பை எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவும் ஏற்று என்பார் அவர். மணமகள் புடவையைத் திருத்திப் பழகிய கை. ஆழத்தில் சிவப்பு பதிவாகவே இல்லாதபோது ஏற்றினால் எழுவது நிறமல்ல, புள்ளி புள்ளியாக ஊதாக் குப்பை. முன்னால் இருக்கும் மீனின் நிறம் ஃபிளாஷிலிருந்து வரட்டும், பின்னால் இருக்கும் தண்ணீர் நீலமாகவே இருக்கட்டும் என்பது என் வாதம். உளுவைப் படத்தை அவரிடம் காட்டியபோது மணலைக் கொஞ்சம் வெள்ளையாக்கலாமே என்றார். அந்தமான் மணல் பட்டறை மேசை விரிப்பு அல்ல என்று சொல்லிவிட்டு அப்படியே அச்சுப் போட வைத்தேன்.

அடுத்ததாகப் புதுச்சேரியில் டைவ் செய்வதற்குப் பேசி வைத்திருக்கிறோம். சேலத்துக்குக் காரிலேயே திரும்பிவிடலாம். வருகிற வழியில் நேராக ஏற்காட்டுக்கு ஏறி அன்றிரவே அங்கே தங்கலாம் என்று வீட்டில் திட்டம் போட்டிருந்தார்கள். 1,500 மீட்டர் உயரம். டைவ் செய்த உடம்புக்கு மலையேறுவதும் விமானம் ஏறுவதும் ஒரே கணக்குத்தான். அறையை மறுநாளைக்கு மாற்றச் சொல்லிவிட்டேன்.